தூத்துக்குடி ஹாலில் ஒரு 12 இஞ்ச் சப்: பெட்டி மாற்றியதும் இடம் மாற்றியதும்

பின்னணி

தூத்துக்குடியில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாளில் அவருக்கு இரண்டே பொழுதுபோக்கு: எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம். மாடியில் தாயார், மனைவி, பள்ளிக்குப் போகும் பையன். கீழ்வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம்.

கார் ஆடியோ கடை ஒன்றில் 12 இஞ்ச் சப்வூஃபர் (அடி ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர்) யூனிட்டும் அதற்கு ரெடிமேட் பெட்டியும் வாங்கியிருந்தார். 4 ஓமில் 250 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப் போர்டு ஒன்றைத் தெரிந்த மெக்கானிக் டப்பாவில் அடைத்துக் கொடுத்திருந்தார். எல்லாம் சேர்ந்து ஹாலுக்கு வந்து மூன்று மாதம். சத்தத்துக்குக் குறைவில்லை, கேட்கத்தான் பிடிக்கவில்லை. "பேஸ் இருக்கு அண்ணாச்சி, பாட்டுதான் இல்ல" என்றார். படத்தில் வெடிச் சத்தம் வரும்போதெல்லாம் யூனிட்டுக்குள் 'டக்'கென்று ஒரு அடி. அடுத்த அறையில் தாயாரின் பீரோ தனியாக உறுமும். கீழ்வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டது.

ஸ்பீக்கர் பெட்டி செய்வது எனக்கு முழுநேரத் தொழில் இல்லை, ஆனால் பத்துப் பதினைந்து வருடப் பழக்கம். "பெரிய பெட்டியா ஒண்ணு செஞ்சு தாங்க" என்றுதான் கூப்பிட்டார். குறை பெட்டியில் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு போனேன்.

முதல் நாள் கண்டது

ஹால் 18 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஒலியை உறிஞ்ச சோபாவையும் ஜன்னல் திரையையும் விட்டால் வேறொன்றும் இல்லை. டிவி 11 அடிச் சுவரில், சப் அதன் இடது மூலையில். எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. பழக்க தோஷத்தில் டேப் பிடித்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்க்க மூன்று வாரம் ஆயிற்று.

ரெடிமேட் பெட்டியைப் பிரித்து அளந்ததில், யூனிட்டும் குழாயும் அடைத்துக்கொள்ளும் இடம் போக உள்ளே 40 லிட்டர். முன்பக்கம் 3 இஞ்ச் விட்டத்தில் 15 சென்டிமீட்டர் நீளப் போர்ட் குழாய், உள்காற்று வெளியே போய்வரும் வாசல். இந்த அளவுகளுக்குக் கணக்குப் போட்டால் ட்யூனிங், அதாவது குழாய்க் காற்று தானாக அதிரும் இடம், 41 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. பார்ட்டிகிள் போர்டு. வீடு துடைக்கிற தண்ணீர் பட்டுப்பட்டு, அடிப்பக்க விளிம்பு டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அது கார் டிக்கிக்கான பெட்டி. காருக்குள் நீளவாக்கில் இரண்டரை மீட்டர்தான் இருக்கும், அதனால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே காரே பேஸைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கிவிடும். சின்னப் பெட்டி, உயர்ந்த ட்யூனிங், அதிரடிச் சத்தம் எல்லாம் அங்கே செல்லுபடியாகும். வீட்டு ஹால் வேறு.

போனில் சைன் அலை போட்டு 25-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி இறக்கினேன். சோபாவில் இன்னொரு போனை மீட்டராக வைத்தேன். 55 ஹெர்ட்ஸ், 80-ஐ விட 14 டெசிபல் தூக்கலாக நின்றது. போன் மைக் அடி ஒலியைக் குறைத்துத்தான் காட்டும் என்பதால் நிஜ வித்தியாசம் இன்னும் கூடவே இருந்திருக்கும். முன்னும் பின்னும் ஒப்பிட எனக்கு இது போதும்.

பாட்டு இல்லை என்று அவர் சொன்னதன் பொருள் இங்கே விளங்கியது. பேஸ் கிதாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அடுத்த கம்பி 55. கலைஞர் இரண்டையும் ஒரே பலத்தில்தான் மீட்டியிருப்பார். இந்த ஹாலிலோ இரண்டாவது கம்பிக்கு வரும்போதெல்லாம் வீடே 'கும்'மென்று வீங்கியது, மற்ற சுரங்கள் அதன் நிழலில் மறைந்துபோயின. நாலு சுரத்தில் நடக்கிற பேஸ் ஒரே சுரமாகக் கேட்டது.

'டக்' சத்தத்துக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. 25 ஹெர்ட்ஸ் கொடுத்ததும் கோன் (யூனிட்டின் அசையும் கூம்பு) அரை இஞ்சுக்கு மேல் முன்னும் பின்னும் அலைந்தது. போர்ட் உள்ள பெட்டியில் ட்யூனிங்குக்குக் கீழே போனால் காற்று குழாய் வழியாகச் சும்மா போய்வரும், கோனைப் பிடித்து நிறுத்தும் அழுத்தம் பெட்டிக்குள் இருக்காது. அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் அந்த ஆம்பில் இல்லை. போதாதற்கு, வால்யூம் ஏற்றினால் 3 இஞ்ச் குழாய் 'உஸ்உஸ்' என்று இரைந்தது. சுமார் 500 சதுர சென்டிமீட்டர் கோனுக்கு 45 சதுர சென்டிமீட்டர் வாசல் எப்படிப் போதும்?

கிளம்புமுன், வண்டி துடைக்கும் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிப் போர்ட்டுக்குள் இறுக்கி அடைத்து ஒரு பாட்டு போட்டேன். இரைச்சல் நின்றது, கும்மல் கொஞ்சம் தணிந்தது. "இப்ப சத்தம் கம்மியால்லா இருக்கு" என்றார் வீட்டுக்காரர். துண்டை உருவி எடுத்துவிட்டேன். அதை ஒரு வாரம் அப்படியே விட்டிருக்க வேண்டும்.

எந்தப் பெட்டி

யூனிட்டோடு வந்த தாளில் எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.42, க்யூஇஎஸ் 0.46, விஏஎஸ் 75 லிட்டர் என்று இருந்தது. எஃப்எஸ் என்பது யூனிட் தனியாக இருக்கும்போது தானாக ஊசலாடும் ஹெர்ட்ஸ். க்யூடிஎஸ், அந்த ஊசல் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் மொத்த அளவு; க்யூஇஎஸ், அதில் காந்தமும் காயிலும் அடக்கும் பங்கு. விஏஎஸ், கோனைப் பிடித்திருக்கும் தொங்கலுக்குச் சமமான ஸ்பிரிங்காக நிற்கும் காற்றின் அளவு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் போட்டுக் கொடுத்து, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் விரித்த கணக்கு இது. இந்த எண்கள் கையில் இருந்தால் மரத்தைத் தொடுமுன்பே பெட்டி எப்படிப் பேசும் என்று தெரிந்துவிடும்.

எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுத்தால் 61. பட்டறை வழக்கில் 50-க்குக் கீழ் என்றால் மூடிய பெட்டி, 90-க்கு மேல் என்றால் போர்ட். 61 இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள், மூடிய பக்கம் கொஞ்சம் சாய்ந்தவர்.

வீட்டில் போர்ட்டை ஒழுங்காகச் செய்வதானால் 100 லிட்டர் பெட்டி, 25 ஹெர்ட்ஸ் ட்யூனிங், 10 சென்டிமீட்டர் விட்டத்தில் 30 சென்டிமீட்டர் குழாய் என்று கணக்கு வந்தது. ஆசைக்குரிய பெட்டிதான். தரையில் சாக்பீஸால் அதன் அளவை வரைந்து காட்டினேன். தாயார் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த எடத்துல அரிசி டிரம்ம வச்சாலாவது பிரயோசனம்" என்று உள்ளே போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூடிய பெட்டியைத் தேர்ந்ததற்கு இடம் மட்டும் காரணம் இல்லை. அதில் உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காகக் கோனைப் பிடித்துக்கொள்ளும், ஃபில்டர் இல்லாத அந்த ஆம்புக்கு அதுதான் பாதுகாப்பு. ஆசாரி ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் பெரிய கெடுதல் வராது. அடி ஒலி மெதுவாக இறங்குவதால் அறை தரும் தூக்கலும் கொஞ்சம் ஈடுகட்டும். கொஞ்சம் என்று சொல்லக் காரணம், அந்தத் தூக்கல் முழுதாகக் கிடைக்க அறை அடைத்திருக்க வேண்டும். நம் ஊரில் ஜன்னலும் கதவும் எந்நேரமும் திறந்தே கிடக்கும்.

இழப்பையும் முன்கூட்டியே சொன்னேன். 40 ஹெர்ட்ஸ் பக்கம் பழைய பெட்டியைவிட 4 டெசிபல் போல் குறையும். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, வந்ததை க்யூடிஎஸ்ஸோடு பெருக்கினால் பெட்டிக்குள் போன யூனிட்டின் க்யூ கிடைக்கும். அது 0.7 அளவில் நின்றால் மேடு இல்லாமல் சமமாக இறங்கும். தாளின்படி 41 லிட்டருக்கு 0.706 வந்தது. கணக்கு இவ்வளவு அழகாக உட்கார்ந்ததும் எனக்கு மேலே கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

மரமும் ஆசாரியும்

எம்டிஎஃப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். உள்ளூர உறுதி உண்டு, பெயின்டும் நன்றாக ஏறும். ஆனால் கடல் காற்றும் தினசரி ஈரத் துடைப்பமும் உள்ள வீட்டில் அதற்கு ஆயுள் குறைவு. 710 கிரேடு பிளைவுட், 18 மில்லிமீட்டர். ஆசாரி கணக்கில் ஆறு நூல்.

உள்ளளவு உயரம் 16 இஞ்ச், அகலம் பதிமூன்றரை, ஆழம் பன்னிரண்டரை. பெருக்கினால் 44 லிட்டர். யூனிட்டின் காந்தமும் கோனைத் தாங்கும் கூடையும் இரண்டரை லிட்டர் தின்னும். பக்கப் பலகைகள் இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு ரீப்பர் குறுக்கே போகிறது, அதற்கு முக்கால் லிட்டருக்குக் குறைவு. மீதி 41. வெளியளவு பதினேழரைக்குப் பதினைந்துக்குப் பதினாலு. சீட்டில் 'உள்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன். பிளைவுட் கனத்தை மறந்து உள்ளளவை வெளியளவாக எடுத்து, பெட்டி மூன்றில் ஒரு பங்கு சுருங்கிப்போனதை முன்பு ஒரு வேலையில் பார்த்திருக்கிறேன்.

"அடுக்களை அலமாரிதான அண்ணாச்சி, ஆணி போதும்" என்றார் ஆசாரி. அலமாரி காற்றைப் பிடித்து வைக்க வேண்டியதில்லை, இது பிடித்து வைக்க வேண்டும் என்றேன். மூட்டு முழுக்க ஃபெவிகால் தடவி, மூன்று இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி. மறுநாள் உள் மூலை எல்லாவற்றிலும் விரலால் இன்னொரு பூச்சு. வட்டம் வெட்டிய ஜிக்சா லேசாக விலகி, யூனிட் உட்காரும் விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்தது. கதவு இடுக்குக்கு ஒட்டுகிற ஸ்பாஞ்ச் டேப்பைச் சுற்றி ஒட்டியதில் அது மறைந்தது.

உள்ளே அடைக்க இலவம்பஞ்சு தருகிறேன் என்றார் வீட்டுக்காரர், பழைய தலையணை இருக்கிறதாம். வேண்டாம் என்றேன். அது நாளாக ஆக அமுங்கிக் கட்டியாகும், தூசு கிளம்பிக் காயிலுக்குள் போகும். தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு அரைக்கிலோ வாங்கி உதறிப் போட்டோம்.

காற்றுக் கசிவுக்கு நான் செய்யும் சோதனை ஊதுபத்திதான். 20 ஹெர்ட்ஸை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, பத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மூட்டுகளில் புகை நேராக ஏறியது. பின்புற ஒயர் டெர்மினலுக்கு வந்ததும் நூலை யாரோ ஆட்டுவதுபோல் நெளிந்தது. கழற்றி, சிலிக்கான் வைத்து மறுபடி முடுக்கினோம்.

பாட்டு போட்டதும்

புதுப் பெட்டி பழைய மூலையிலேயே உட்கார்ந்தது. 'டக்' அடியோடு நின்றது. இரைச்சல் இல்லை. கேள்வி மிச்சமிருந்தது கும்மலில். அதே போன், அதே சோபா: 55-க்கும் 80-க்கும் வித்தியாசம் 14-லிருந்து 10 டெசிபலுக்கு வந்திருந்தது. குறைந்திருக்கிறது, தீரவில்லை. பீரோவும் உறுமலை விடவில்லை.

நாலு நாள் கழித்து அவர் போன். "முன்னைக்குப் பரவால்ல அண்ணாச்சி. ஆனா பெட்டி இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா சரியாயிருமோ?" நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மீதி பிளைவுட் இருந்தது, ஆசாரியும் சும்மாதான் இருந்தார்.

யூனிட்டை அளந்தது

மறுபடி மரம் வெட்டுமுன் யூனிட்டை அளந்துவிடலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பெரிய கருவி வேண்டாம்: ஆம்ப், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஏசி வோல்ட் காட்டும் மல்ட்டிமீட்டர், அலை தரும் போன். ரெசிஸ்டரை வரிசையில் போட்டு, முதலில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டு, யூனிட்டை இணைத்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகர்ந்தேன். 30.5 ஹெர்ட்ஸில் 34 ஓம் வரை ஏறி இறங்கியது. எஃப்எஸ் அங்கேதான். மேட்டின் இரு சரிவுகளையும் குறித்துக் கணக்கிட்டதில் க்யூடிஎஸ் 0.51.

விஏஎஸ்ஸுக்குக் கோன் மேல் தெரிந்த எடை வைக்க வேண்டும். நாணயம் காந்தத்துக்கு இழுபடும். பையனின் விளையாட்டுக் களிமண்ணைச் சமையல் தராசில் 80 கிராம் நிறுத்து, வளையமாக உருட்டிக் கோன் நடுவில் ஒட்டினேன். 30.5 ஹெர்ட்ஸ் 24.7-க்கு இறங்கியது. அதிலிருந்து அசையும் எடை 152 கிராம் என்றும், விஏஎஸ் 63 லிட்டர் என்றும் வந்தது. தாள் சொன்னது 75.

ஆக 41 லிட்டரில் நிஜ க்யூ 0.81. 0.7 வேண்டுமென்றால் 68 லிட்டர் பெட்டி. ஆசாரியைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன். எடுத்தவன், இரண்டு பெட்டியும் எவ்வளவு வித்தியாசமாகப் பேசும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். 55 ஹெர்ட்ஸில் அரை டெசிபல்கூட இல்லை. 30 ஹெர்ட்ஸில் 1.3. ஹாலில் நான் பார்த்துக்கொண்டிருந்த மேடோ 10 டெசிபல். அரை டெசிபலைத் துரத்தி இன்னொரு பெட்டி செய்யப் புறப்பட்டிருக்கிறேன்.

அப்போதுதான் நோட்டின் பழைய பக்கத்தைத் திறந்தேன். ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுத்தால், எந்த ஹெர்ட்ஸில் அறையே ஊசலாடும் என்று தெரியும். தூத்துக்குடி வெக்கையில் வேகம் நொடிக்கு 350 மீட்டர். நீளத்துக்கு 32, அகலத்துக்கு 52, உயரத்துக்கு 57, நீளத்தின் இரண்டாம் அலைக்கு 64. 52-லிருந்து 64-க்குள் மூன்று அலைகள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. இந்த மூன்றையும் ஒருசேரக் கிளப்பும் இடம் மூலை. பின்சுவரில் நீளவாக்கு அலை உச்சத்தில் இருக்கும், சோபா அங்கேதான்.

பழைய பெட்டியும் தன் பங்குக்கு அதே 55-ஐத்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. கணக்கில் 5 டெசிபலுக்கு மேல் வந்தது. பெட்டியின் மேடும் அறையின் மேடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டதால், குற்றம் எல்லாம் பெட்டியுடையது என்று எல்லோரும் நினைத்தோம்.

பெட்டியை நகர்த்தியது

இரண்டாவது பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு ஞாயிறு காலை போனேன். சப்பைத் தூக்கிச் சோபாவில், அவர் உட்காரும் இடத்தில் வைத்தோம். பேஸ் கிதார் நன்றாக நடக்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நான் முன்சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்தேன். காது எங்கே இருக்கும்போது எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அங்கே சப்பை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். ஹாலுக்கு வந்த தாயார் சற்று நேரம் நின்று பார்த்தார். "கீழ என்ன தேடுதீய தம்பி? காசு எதும் விழுந்துட்டா?"

இடது மூலையிலிருந்து 5 அடி தள்ளி, கிட்டத்தட்டச் சுவரின் நடுவில், இடம் கிடைத்தது. அகலவாக்கு அலைக்கு நடுச்சுவர் செத்த இடம், அங்கிருந்து 52-ஐக் கிளப்ப முடியாது. டிவி ஸ்டாண்டை வலதுபக்கம் ஒதுக்க வேண்டியிருந்தது. அவர் மனைவிக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. சோபாவைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுத்தோம். நாலரை அடி இழுத்தால் 64-உம் அடங்கும், ஆனால் ஹாலில் நடக்க வழி இருக்காது. சப்புக்கு எந்த ஹெர்ட்ஸ் வரை போகலாம் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80-இல் வைத்து, சப்பின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, குரலோடு பேஸ் ஒட்டிய பக்கத்தில் விட்டோம்.

55-க்கும் 80-க்கும் வித்தியாசம் 4 டெசிபல். காசு செலவில்லாமல் 6 டெசிபல் போயிற்று. பெட்டி செய்து போனது 4.

பீரோவை 47 ஹெர்ட்ஸில் பிடித்தேன். உறுமியது பீரோ இல்லை, அதன் மேல் சுவரோடு சாய்த்து வைத்திருந்த கண்ணாடி போட்ட கல்யாணப் போட்டோ. பின்னால் மடித்த அட்டை ஒன்றைச் செருகியதும் அடங்கிவிட்டது.

பிறகு

மழைக்காலம் கழித்து ஒருமுறை பார்த்தேன். மூட்டு பிரியவில்லை, அடி விளிம்பும் உப்பவில்லை. ரப்பர் புஷ் போட்டுத் தரையிலிருந்து அரை இஞ்ச் உயர்த்தியிருந்தது அதற்குத்தான். கீழ்வீட்டுக்கு அதனால் சத்தம் குறைந்ததா என்றால், இல்லை. பேஸ் காற்று வழியாகவே கான்கிரீட்டை அசைக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சப்பை அணைத்துவிடுவது என்று இரு வீட்டாரும் பேசிக்கொண்டார்கள்.

பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு அவர், முப்பது வருடம் கேட்ட ஒரு பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே பேஸ் கிதார் இறங்கிப் போகிற ஒரு வரிசையை இப்போதுதான் கேட்டதாகச் சொல்லி, அந்த இடத்தைப் போட்டும் காட்டினார். படத்துக்கு மட்டும் சத்தம் பத்தவில்லையாம். நான் முன்பே சொன்ன 4 டெசிபல்தான் அது.

இன்னொரு முறை என்றால்

முதல் நாளே சப்பைச் சோபாவில் ஏற்றித் தவழ்ந்துவிடுவேன், மரத்தைப் பற்றிப் பிறகு பேசுவேன். யூனிட்டை அளக்காமல் தாளை நம்பமாட்டேன், வெளிவரும் எண்ணால் இந்த வேலையில் எதுவும் மாறியிருக்காது என்றாலும்கூட. தாளின் விஏஎஸ் 20 சதவீதம் தப்பாக இருந்தும் மூடிய பெட்டி பொறுத்துக்கொண்டது. போர்ட் பெட்டி அப்படி விட்டிருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ரெடிமேட் பெட்டியின் உள்ளளவு 40 லிட்டர். நான் செய்து கொடுத்தது 41. அந்தத் துண்டைப் போர்ட்டில் அப்படியே விட்டு, பெட்டியை 5 அடி நகர்த்தியிருந்தால், ஏறக்குறைய இதே ஒலி முதல் நாள் சாயங்காலமே கிடைத்திருக்கும். உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு எப்படியும் ஒரு வருடத்தில் மாற்ற வேண்டியதுதான் என்பது என் சமாதானம். ஆசாரி கூலியில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். பழைய பெட்டி இப்போது மொட்டை மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.